எட்டாவது கட்டுரை

வடக்கு வளாகம்
செப்டம்பர் 19, 2016

ஆர்லன்,

இரண்டு வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கையால். உன் அலுவலக மின்னஞ்சலை உன்னோடு சேர்த்து மூன்று பேர் படிப்பதாகக் கேள்வி. மூன்று பேர் மீதும் கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

உன் சுற்றறிக்கை வந்தது. "மதிப்பிற்குரிய ஆசிரியர்களே" என்று தொடங்குகிறது. ஆறு குளிர்காலம் என்னோடு ஒரே ஹீட்டருக்கு முன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவன் எழுதியது அது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அப்போது நீ தர்க்கவியல், நான் வரலாறு. இப்போது நீ தலைமை வளாகத்தில் மதிப்பீட்டு ஒருங்கிணைப்பாளர். நான் அதே ஹீட்டருக்கு முன்.

ஒரு திங்கட்கிழமை நான் வந்தபோது அறையில் உன் பாதி காலியாக இருந்தது. அதைப் பற்றி எழுத வரவில்லை.

என் ஆசிய வரலாற்றுப் பாடம் இந்த வருடம் பரிசீலனைக்கு வருகிறதாம். பொதுக்கல்விப் பட்டியலில் நீடிக்கத் தகுதி உண்டா என்று பார்ப்பீர்களாம். படித்தேன். மறுபடியும் படித்தேன். புரியவில்லை. மனிதர் பேசுவதுபோல் ஒருமுறை சொல்.

மார்னா


தலைமை வளாகம்
செப்டம்பர் 27, 2016

மார்னா,

உன் கடிதம் வளாகங்களுக்கு இடையே ஓடும் வேனில், கயிறு சுற்றிய பழுப்பு உறையில் வந்தது. உறையின் மேல், அது முன்பு போய்வந்த பதினைந்து பேரின் பெயர்கள் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. கடைசியில் உன் கையெழுத்தில் என் பெயர். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி.

மனிதர் பேசுவதுபோல் சொல்ல முயல்கிறேன்.

பொதுக்கல்விப் பாடம் எதுவானாலும், அதைப் படித்தவருக்குச் சில திறன்கள் வந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. உன் பாடத்துக்கு விமர்சனச் சிந்தனை. வந்திருக்கிறதா என்று பார்க்க உன் வகுப்பிலிருந்து எட்டுக் கட்டுரைகள் வேண்டும். எட்டுக்குக் குறைந்தால் கணக்கில் எடுக்கமாட்டார்கள். பெயர்களை வெட்டிவிட்டு, வேறு துறை ஆசிரியர்கள் இருவரிடம் தருவோம். ஒவ்வொருவரும் ஒன்று முதல் நான்கு வரை ஓர் எண் போடுவார்கள். இருவருக்கும் ரொம்ப வித்தியாசம் வந்தால் மூன்றாமவர் பார்ப்பார். மொத்தச் சராசரி இரண்டைத் தாண்டினால் போதும்.

எந்தக் கட்டுரை யாருடையது என்று மதிப்பிடுபவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் அந்த இடத்திலேயே பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். இது நான் எழுதிய விதி. முதல் வருடம் ஒருவர் தன் தங்கை மகனுக்கு நான்கு போட்டார். அதற்குப் பிறகு எழுதியது.

பட்டியலிலிருந்து வெளியேறினால் என்ன ஆகும் என்பது உனக்கே தெரியும். பட்டத்துக்குக் கணக்கில் சேராத பாடத்தை வடக்கு வளாகத்தில் யாரும் எடுக்கமாட்டார்கள். ஆள் சேராத பாடம் நடக்காது. அந்தப் பாடம் இல்லாமல் உன் வேலை நேரம் பாதிக்குக் கீழே போகும். அதற்கு அடுத்ததை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு யோசனை. மதிப்பிடுபவர்கள் கையில் இருக்கும் அளவுகோல் தாளில் நான்காவது வரி இது: "தன் முடிவைத் தெளிவாகக் கூறுகிறார்." உன் பழைய கேள்வியையே இன்னும் கொடுக்கிறாயா? கொடுத்தால் இந்த ஒரு வருடம் மட்டும் மாற்று. முடிவு கேட்கும் கேள்வியாகக் கொடு.

ஆர்லன்


வடக்கு வளாகம்
அக்டோபர் 10, 2016

ஆர்லன்,

அதே கேள்விதான். "ஒரு சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது என்ன சொல்லவில்லை என்று எழுதுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாதீர்கள்."

ப்ரோடி என்று ஒருவன் இருக்கிறான். எப்போதும் ஆரஞ்சு வேட்டைத் தொப்பி. கையைத் தூக்கினான்.

"தெரியாதத எழுதினா நீங்க எப்படி மார்க் போடுவீங்க?"

"எவ்வளவு நல்லாத் தெரியலன்னு பார்த்து."

"அப்ப எனக்கு முழு மார்க்கு. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஷோவா லோர் மட்டும் சிரிக்கவில்லை. முப்பத்து நான்கு வயது, லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மோங் இனப் பெண். சீஸ் ஆலையில் பொட்டலம் கட்டும் வேலையை முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறாள். முடியில் ஆலையில் மாட்டும் வலையின் தடம் அப்படியே இருக்கும். ப்ரோடியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"ஒண்ணுமே தெரியாதுங்கறதும் தெரியாதுங்கறதும் வேற வேற. நீ சோம்பேறி. அவ்வளவுதான்."

அவன் தொப்பியைக் கழற்றினான். வகுப்பில் அவன் அதைக் கழற்றி நான் பார்த்தது அன்றுதான்.

கேள்வியை மாற்ற முடியாது, ஆர்லன். இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தேன். "போரின் மூன்று காரணங்களைக் கூறி உங்கள் முடிவைத் தருக" என்று எழுதினேன். உடனே கட்டுரைகள் எல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டன. படிக்கவே தேவையில்லை.

மார்னா


வடக்கு வளாகம்
நவம்பர் 4, 2016

ஆர்லன்,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். ஆசிரியர் அறைக்குப் போனேன். அங்கே இருவர் தேர்தலைப் பற்றிச் சத்தமில்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

ஷோவா தன் வரைவைக் கொண்டுவந்தாள். அவள் எடுத்துக்கொண்ட சான்று ஒரு புகைப்படம். தாய்லாந்து அகதி முகாமில், அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கு முன் எடுத்தது. அவள் குடும்பம் வரிசையாக நிற்கிறது. அப்பா நெஞ்சுக்கு நேரே எண் எழுதிய பலகையைப் பிடித்திருக்கிறார். அவள் கைக்குழந்தை. கட்டுரையின் முதல் வரி: "இந்தப் படத்தில் ஏழு பேர் நிற்கிறோம். எங்கள் குடும்பத்தில் ஆறு பேர்."

ஏழாவது ஒரு பெண். தலைத்துணி கட்டியிருக்கிறாள். யாரென்று வீட்டில் யாரும் சொல்வதில்லை.

"அப்பாவக் கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். 'அப்ப கேமரா முன்னாடி நின்னவங்க எல்லாம் குடும்பந்தான். சோறு ஆறுது, சாப்பிடு'ன்னார்."

"அம்மா?"

"அம்மா சாப்பாட்டப் போட்டுட்டு எழுந்து போயிட்டாங்க."

ஆர்லன், அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? அந்தப் பெண் யாராக இருக்க முடியாது என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு போகிறாள். அத்தையாக இருக்க முடியாது, அத்தை எல்லையிலிருந்த மீகாங் ஆற்றைக் கடக்கவே இல்லை. சித்தியாக இருக்க முடியாது, தலைத்துணி கட்டிய விதம் அம்மாவின் ஊர்க்காரர்கள் கட்டும் விதமல்ல. அப்பாவின் இன்னொரு மனைவியாக இருக்க முடியாது, ஏனென்றால் படத்தில் அம்மா சிரிக்கிறாள். கடைசிக் காரணத்தின் ஓரத்தில் "இது பலவீனமான சான்று" என்று தானே எழுதியிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கட்டுரை இன்னும் முடியவில்லை. எப்படி முடிப்பாள் என்று எனக்கும் தெரியாது.

அந்த முதல் வரி ஏன் நல்ல வரி என்பது இந்தக் கட்டடத்தில் யாருக்கும் புரியாது. உனக்குப் புரியும். அதனால்தான் எழுதினேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே.

மார்னா


தலைமை வளாகம்
நவம்பர் 9, 2016

மார்னா,

புரிந்தது. "பலவீனமான சான்று" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் ஏனென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஆனால் தயவுசெய்து, ஜனவரி வரை மாணவர் கட்டுரைகளைப் பற்றி எனக்கு எழுதாதே. நான் மதிப்பிடுவதில்லை, ஏற்பாடு மட்டுமே என் வேலை. அதனால் இதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இருந்தாலும்.

இன்னொன்று. நான் அன்று சொல்லாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. நம் இரண்டு பணியிடத்தில் ஒன்றைக் குறைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும்…

இதை இப்போது வேண்டாம்.

ஆர்லன்


வடக்கு வளாகம்
நவம்பர் 21, 2016

ஆர்லன்,

கட்டுரைகளுக்கு நாளை கடைசி நாள் என்று நிர்ணயித்தது யார்? மான் வேட்டைப் பருவம் தொடங்கி மூன்று நாள் ஆகிறது. வளாகத்தின் வண்டி நிறுத்தத்தில் என் கார், துப்புரவாளரின் வேன், வேறொன்றுமில்லை. பதினொரு பேரில் மூவர் காட்டில் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். ப்ரோடியைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"கட்டுரை எங்கடா?"

"சத்தமாப் பேசாதீங்க மிஸ் வோய்ட். ஒண்ணு வந்துட்டிருக்கு."

"கட்டுரையா?"

"மானு."

துண்டித்துவிட்டான்.

ஆக எட்டு. எண்ணி எட்டு. வேனில் அனுப்புகிறேன். பெயர்களை நானே வெட்டிவிட்டேன்.

எழுதக்கூடாது என்றாய். எழுதவில்லை. அவள் முடித்துவிட்டாள் என்பதை மட்டும் சொல்லலாம் அல்லவா.

மார்னா


தலைமை வளாகம்
ஜனவரி 13, 2017

மார்னா,

நேற்று மதிப்பீடு நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, அதனால் முதலிலிருந்து.

நூலகத்தின் பின்னறை. மேசையில் எலுமிச்சைக் கேக் துண்டுகள், காபி. வெளியே பனி. உன் கட்டுரைகள் இருவரிடம் போயின. பெயர் சொல்லக்கூடாது, கணிதம் என்றும் உயிரியல் என்றும் வைத்துக்கொள். ஏழு கட்டுரைகளில் இருவரும் ஏறக்குறைய ஒத்துப்போனார்கள். சராசரி 2.6. அந்தக் கேள்விக்கு அது நல்ல எண். நான் எதிர்பார்க்கவில்லை.

எட்டாவதற்கு உயிரியல் நான்கு போட்டிருந்தார். கணிதம் ஒன்று.

"இது கட்டுரையா, குடும்ப ஆல்பமா?" என்றார் கணிதம்.

"நீங்க கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

"படிச்சேன். முடிவு எங்க? தாள்ல முடிவுன்னு போட்டிருக்கு. நான் தாளைத்தான் பாக்கணும். என்னைக் குத்தம் சொல்லாதீங்க, தாளைச் சொல்லுங்க."

"தாள் என்கூடப் பேசாது, வெர்ன்."

(பெயரை எழுதிவிட்டேன். மறந்துவிடு.)

மூன்றாமவராக ஸ்பானிய ஆசிரியை வர வேண்டும். நெடுஞ்சாலைப் பள்ளத்தில் கார் இறங்கிவிட்டது, இழுவை வண்டிக்குக் காத்திருக்கிறேன் என்று செய்தி அனுப்பினார். எண்கள் மாலைக்குள் மேலிடத்துக்குப் போக வேண்டும். குழுவில் மீதி இருந்தது நான். கட்டுரையை என்னிடம் தந்தார்கள். யாருடையதென்று கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.

"இந்தப் படத்தில் ஏழு பேர் நிற்கிறோம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

உயிரியல், "என்னாச்சு ஆர்லன்?" என்றார். எனக்கு இது யாருடையதென்று தெரியும் என்றேன். கணிதம்தான் மெல்லச் சொன்னார்: "சொல்லாம இருந்திருக்கலாமே. யாருக்குத் தெரியப்போகுது."

மூன்றாமவர் இல்லாததால் அந்தக் கட்டுரைக்கு எண் இல்லை. எண் இல்லாத கட்டுரை எட்டில் சேராது. மறுநாள் வரை நேரம் கேட்டேன். கிடைக்கவில்லை. உன் பாடத்துக்கு நேரே "போதிய தரவு இல்லை" என்று வந்திருக்கிறது.

மேல்முறையீடு எழுதுகிறேன்.

ஆர்லன்


வடக்கு வளாகம்
ஜனவரி 18, 2017

ஆர்லன்,

ஒன்று போட்டிருந்தால் போதும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு கட்டுரைகள், 2.6. எட்டாவதற்கு நீ ஒன்று போட்டிருந்தாலும் சராசரி இரண்டுக்கு மேல். இரண்டு போட்டிருக்கலாம், மூன்று போட்டிருக்கலாம், கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கலாம். எந்த எண்ணும் எங்களைக் காப்பாற்றியிருக்கும். எண்ணே இல்லாததுதான் எங்களை முடித்தது.

உன்னைத் திட்டுவதற்காக நான்கு தாள்களைக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றுவிடுகிறது. நீ அந்த வரியை அறிந்துகொண்டது எப்படி? நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் நீ யாரோ ஒருத்தியின் கட்டுரையைப் படித்து, யாரோ ஒருத்திக்கு நான்கு போட்டிருப்பாய்.

நீ பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று எழுத நினைக்கிறேன். எழுத முடியவில்லை. அதுவும் உன்மேல் கோபம்தான்.

மார்னா


தலைமை வளாகம்
பிப்ரவரி 6, 2017

மார்னா,

மேல்முறையீடு தள்ளுபடி. ப்ரோடியின் கட்டுரையை எட்டாவதாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டேன். வேட்டை முடிந்து அவன் தந்ததை நீ தனியாக அனுப்பியிருந்தாய் அல்லவா. தேதி தாண்டியது, முடியாது என்றார்கள். வடக்கு வளாகத்தில் பாதிப் பேர் அந்த வாரம் காட்டில் இருந்தார்கள் என்றேன். தேதியைத் தீர்மானித்த குழுவில் நீங்களும் இருந்தீர்களே என்றார்கள். இருந்தேன்.

அடுத்த பரிசீலனை ஐந்து வருடம் கழித்து. இலையுதிர் பருவத்திலிருந்து பாடம் பட்டியலில் இல்லை. துறைத் தலைவரிடம் உனக்கு வேறு வகுப்பு ஏதாவது என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார். அவர் "பார்ப்போம்" சொல்வதை நீயும் கேட்டிருக்கிறாய்.

கணிதம் என் அறைக்கு வந்து கதவருகே நின்றார். "நான் ரெண்டு போட்டிருந்தா இது மூணாவது ஆளு வரைக்கும் வந்திருக்காது, இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்கு அது பிடிச்சிருந்துது. பிடிச்சதுக்கு எண் போட தாள்ல இடமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சரியாகத்தான் செய்திருக்கிறோம், மார்னா. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உறையில் காபிக் கூப்பன்கள் இருக்கும். மதிப்பிடப்பட்ட கட்டுரைகளை எழுதியவர்களுக்கு ஒவ்வொன்று, நன்றிக் குறிப்போடு. அலுவலகத்து வழக்கம். அவர்களிடம் சேர்த்துவிடு.

ஒரு வேண்டுகோள். நான் முதல் வரியோடு நிறுத்திவிட்டேன். இப்போது நான் எதையும் மதிப்பிடும் இடத்தில் இல்லை. அந்தக் கட்டுரையைப் படிக்கலாமா?

அன்று அறையைக் காலி செய்தபோது உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் நீ என்னை இருக்கச் சொல்வாய், நான் இருந்துவிடுவேன், நீ போக வேண்டியிருக்கும். இப்படித்தான் யோசித்தேன். இப்போது பார்த்தால் அதுவும் பலவீனமான சான்று.

ஆர்லன்


வடக்கு வளாகம்
பிப்ரவரி 20, 2017

ஆர்லன்,

ஏழு கூப்பன்கள் இருந்தன. மதிப்பிடப்பட்டவர்களுக்கு மட்டும் என்று நீ எழுதியதை நான் கவனமாகப் படிக்கவில்லை. கூப்பன்களையும் எண்ணிப் பார்க்கவில்லை. சிற்றுண்டிக் கூடத்தில் ஒவ்வொருவராகத் தேடிக் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஷோவாவின் மேசைக்கு வந்தபோது கையில் ஒன்றும் இல்லை.

என் வெறும் கையைப் பார்த்துவிட்டு அவள் தன் புத்தகத்துக்குத் திரும்பினாள். மறுநாள் வேலை முடிந்து என் அறைக்கு வந்தாள். உன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாடத்த எடுத்துட்டாங்கன்னு ப்ரோடி சொன்னான். நெசமா?"

"அடுத்த பருவத்துலேருந்து. உனக்கு இது பட்டத்துக்குக் கணக்குல சேரும், பயப்படாத."

"எட்டு பேப்பர் போச்சு. ஏழு கூப்பன் வந்துது. அப்ப என்னுதுல ஏதோ ஆயிருக்கு."

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறாம்."

நான் இதைச் சொன்னேன், ஆர்லன். உனக்கு வராத பொய் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது.

அவள் விரல்களை மடக்க ஆரம்பித்தாள்.

"கம்ப்யூட்டர் கோளாறுன்னா என்னுது மட்டும் போயிருக்காது. மோசமா எழுதியிருந்தா ஒண்ணு போட்டிருப்பாங்க, ஒண்ணு போட்டாலும் கூப்பன் உண்டு, நம்ம வகுப்புல இருக்கற கைல், தனக்கு ஒண்ணுதான் வந்திருக்கும்னு அவனே சொல்லிக் காபி குடிச்சான். லேட்டா தரல. தொலையல, தொலைஞ்சிருந்தா என்கிட்ட இன்னொரு பிரதி கேட்டிருப்பீங்க." நான்கு விரல்கள் மடங்கியிருந்தன. கட்டைவிரல் மட்டும் நின்றது. "பேரு வெட்டிட்டுப் படிப்பாங்கன்னு சொன்னீங்க. என்னுத யாரோ கண்டுபிடிச்சிருக்காங்க. மிஸ் வோய்ட், படத்தப் பத்தி நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க எழுந்தேன், எதற்கென்று தெரியவில்லை. திரும்ப உட்கார்ந்தேன்.

"ஒரு நண்பர்கிட்ட."

"எதுக்கு?"

"நல்லா இருந்துது. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துது."

கோபமா என்று முகத்தில் தேடினேன். அந்த முகத்தில் எனக்கு எதுவும் படிக்கத் தெரியவில்லை. பிறகு கேட்டாள்:

"அவரு முழுசாப் படிச்சாரா?"

"இல்ல. முதல் வரியோட நிறுத்திட்டாரு. விதி அப்படி."

"அப்ப நான் அந்தப் பொண்ணக் கண்டுபிடிச்சிட்டேன்னு நெனச்சிட்டிருப்பாரு."

"இருக்கலாம்."

"அது தப்பு," என்றாள். எழுந்து மேல்சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "அனுப்பிடுங்க. கண்டுபிடிக்கலன்னு அவருக்குத் தெரியணும்."

வாசலில் நின்று, இதே கேள்வியை அடுத்த பருவத்தில் எந்த வகுப்பில் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். தன் தம்பி சேரப்போகிறானாம். நான் மேசையில் கிடந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன். இந்தமுறை அவள் எதையும் கழித்துப் பார்க்கவில்லை. தலையை அசைத்துவிட்டுப் போனாள்.

கட்டுரை இத்துடன் இருக்கிறது. ஒன்பது பக்கம். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் யாராக இருக்க முடியாது என்ற பட்டியல் முடிந்த பிறகு அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறாள். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதே. அதையும் படி.

பேனா கையில் இல்லாமல்.

மார்னா